பழைய வீடியோ கேம்களைக் கையடக்கக் கருவிகளில் மறுபடி மறுபடி வெளியிடுவதில் பயன் உண்டா, வெறும் காசு பறிப்பா?

கேட்டவர் கூடவே, "இதே மரியோவை இன்னும் எத்தனை தடவைதான் விற்பார்கள்?" என்றும் எழுதியிருக்கிறார். நியாயமான எரிச்சல்தான். ஆனாலும் என் பதில், பயன் உண்டு. அதிலும் டிவியில் மாட்டும் பெரிய கருவிகளை விட, கையில் வைத்து ஆடும் கருவிகளில் வெளியிடுவதில்தான் கூடுதல் பயன். காசு பறிப்பும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

மன்னார்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இங்கிருந்து கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரைக்கும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத தெரு குறைவு. அவர்கள் ஊருக்கு வரும்போது கோடாலித் தைலத்தோடும் சாக்லேட்டோடும் கொண்டுவந்த கேம் பாய், பிஎஸ்பி மாதிரியான கையடக்க கேம் கருவிகள் எல்லாம் இன்னும் பல வீட்டு அலமாரியில் இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது பேரப் பிள்ளைகள் அதைத் தோண்டி எடுக்கிறார்கள், ஆன் ஆகாது, என் மேசைக்கு வரும். அதனால் இந்தக் கேள்வியை நான் ரிப்பேர்காரன் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

ரிப்பேர்காரனுக்குத் தெரிந்த முதல் விஷயம், எல்லாம் சாகும். பிஎஸ்பி என்றால் பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பேட்டரி மாற்றினால் டிஸ்க் ஓடாது, லென்ஸ் போயிருக்கும். பழைய கேம் பாயில் செல்லைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள், அது கசிந்து ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்திருக்கும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் போர்டுகளில் உப்புக் காற்று தன் வேலையைத் தனியாகக் காட்டியிருக்கும். நல்ல ஸ்பேர் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. கடையில் எவ்வளவு திறமையான ஆள் இருந்தாலும் ஒரு கட்டத்தில் கையை விரிக்கத்தான் வேண்டும்.

கேம் பதிந்த கேசட் மட்டும் சாகாதா என்றால், அதுவும்தான். கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் போகிமான் கோல்ட் கேசட்டை ஒரு பழைய கேம் பாயோடு கொண்டுவந்தார்.

"தம்பி, கேம் ஓடுது. ஆனா மகன் ஆடி வச்சிருந்தது எதுவும் இல்ல. ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து கேக்குது."

"உள்ள ஒரு பேட்டரி இருக்கு பாய், அது தீர்ந்துபோச்சு. மாத்தித் தர்றேன், இனிமே ஆடுறது நிக்கும். பழசு வராது."

"வராதா?"

"வராது பாய்."

அந்த கேசட்டுக்குள் ஒரு வட்ட பேட்டரி உண்டு. கேமுக்குள் இருக்கும் கடிகாரத்தை ஓட்டுவதும், சேமித்த ஆட்டத்தைக் காப்பதும் அதுதான். அதன் உயிர் போனால் சேமிப்பும் போச்சு. இதே கேமை, அதை விற்ற ஜப்பான் கம்பெனியான நிண்டெண்டோ 2017-இல் தன் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு மறுபடி வெளியிட்டது. அதில் இந்த பேட்டரித் தொல்லை கிடையாது. மறுவெளியீட்டால் என்ன பயன் என்று கேட்டால், முதலில் இதைத்தான் காட்டுவேன். கேமை அது பிறந்த உடம்பிலிருந்து பிரித்து வேறு உடம்புக்கு மாற்றுகிறார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2023 மார்ச் 27-ஆம் தேதி 3டிஎஸ் இணையக் கடையையே மூடிவிட்டார்கள். அதற்கு முன் வாங்கியவருக்கு இருக்கிறது, இனிமேல் அங்கே வாங்க முடியாது. பிஎஸ்பி செய்த சோனியும் 2021-இல் அதன் இணையக் கடையை மூடியது. தன் இன்னொரு கையடக்கக் கருவியான பிஎஸ் வீட்டாவின் கடையையும் மூடப்போவதாக அறிவித்து, ஆடுகிறவர்கள் கூச்சல் போட்ட பிறகு அந்த முடிவை நிறுத்திவைத்தது.

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன்பு அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைக்காது என்பது அதன் முடிவு. நூற்றுக்கு 13-தான் விற்பனையில் இருக்கிறது. ஆகவே "பழசையே விற்கிறார்கள்" என்று நாம் எரிச்சல்படுவது ஒரு சின்னக் கூட்டத்தைப் பார்த்துத்தான். மரியோவும் சோனிக்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. மீதிப் பெருங்கூட்டம் ஒரு தடவைகூட வருவதில்லை.

சரி, கையடக்கக் கருவி ஏன்? அந்தக் காலத்து கேம்கள் பலவும் காசு போட்டு ஆடும் கடைகளுக்காகச் செய்தவை, அல்லது அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் செய்தவை. சில நிமிஷத்தில் ஆளைச் சாகடித்து அடுத்த நாணயத்தை வாங்கவேண்டும் என்பதுதான் கணக்கு. இன்று சோபாவில் சாய்ந்து பெரிய டிவியில் ஆடினால் அந்தக் குட்டி ஆட்டம் சப்பென்று இருக்கும். அதையே நம்ம ஊர் வாழ்க்கையின் இடைவெளிகளில் வைத்துப் பாருங்கள். மும்முனைக் கரண்ட் முறை ராத்திரியில் வரும், மோட்டாரைப் போட்டுவிட்டு மடை மாற்றும் வரைக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருக்கவேண்டும். அறுவடை சமயத்தில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுத் தார்ப்பாய் பக்கத்திலேயே காவல் இருக்கவேண்டும், எப்போது எடை போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மன்னை எக்ஸ்பிரஸில் தூக்கம் வராத ராத்திரி இருக்கிறது. நூறு மணி நேரம் ஓடும் புதுக் கேமைத் தொட இதுவா நேரம்? கான்ட்ரா ஒரு ஸ்டேஜ், டெட்ரிஸ் ஒரு ரவுண்டு, யாராவது கூப்பிட்டால் பட்டனை அமுக்கி அப்படியே தூங்கவைத்துவிட்டு எழுந்துபோகலாம்.

அந்தத் தூங்கவைக்கும் பட்டனின் அருமை டிவி கேம் காலத்தில் ஆடியவர்களுக்குத்தான் புரியும். மரியோவில் சேமிக்கும் வசதியே கிடையாது. எட்டாவது உலகம் வரைக்கும் போயிருப்போம், கரண்ட் போய்விடும். கரண்ட் வந்ததும் அம்மா சீரியல் பார்க்க உட்கார்ந்துவிடுவார். இப்போதைய மறுவெளியீடுகளில் எந்த இடத்திலும் சேமிக்கலாம், பலவற்றில் சில விநாடி பின்னால் ஓட்டவும் செய்யலாம். இது ஏமாற்று வேலை என்று சில சுத்தக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் ஊரில் கரண்ட் கட் இருந்திருக்காது போல.

படமும் சின்னத் திரையில்தான் பொருந்துகிறது. மரியோவின் மூலப் படம் 256க்கு 240 புள்ளிதான். 43 இஞ்ச் டிவியில் விரித்தால் செங்கல் அடுக்கியது போலத் தெரியும். 6, 7 இஞ்ச் திரையில் கச்சிதம். ஆனால் திரை சின்னது என்பதாலேயே எல்லாம் நன்றாக வந்துவிடாது. 1999-இல் கேம் பாய் கலருக்கு மரியோவை மறுபடி வெளியிட்டபோது அந்தத் திரைக்கு 160க்கு 144 புள்ளிதான் இருந்தது. படத்தைச் சுருக்காமல் ஓரங்களை வெட்டிவிட்டார்கள். முன்னால் பள்ளமா எதிரியா என்று தெரியாமலே குதிக்கவேண்டியிருந்தது. இதற்கு நேரெதிர்த் தொல்லை கேம் பாய் அட்வான்ஸ் கேம்களில். 2001-இல் வந்த அந்தக் கருவியின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது, இருட்டாகத்தான் இருக்கும். அதை ஈடுகட்டப் பல கேம்களில் நிறத்தை வேண்டுமென்றே வெளுப்பாக வைத்தார்கள். அதே கேமை இன்றைய பளிச்சென்ற திரையில் அப்படியே போட்டால் கண் கூசும். பழைய திரையில் தெரிந்த மாதிரி நிறத்தைத் தணிக்கும் வசதி கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் செய்தவர்களுக்கு அக்கறை இருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு மறுவெளியீட்டை மதிப்பிடுவது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களை வைத்துத்தான்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு மட்டும் இன்னொரு பயன் இருக்கிறது. இங்கே நாம் ஆடியது எதுவும் அசல் இல்லை. டிவி கேம் என்று வாங்கியது நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியின் நகல். அதில் செருகிய மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும், உள்ளே உருப்படியாக இருப்பது சில கேம்கள்தான், மற்றதெல்லாம் அதே கேம் வேறு பெயரில். கான்ட்ராவையே எடுத்தவுடன் 30 உயிர், எடுத்தவுடன் விசிறித் துப்பாக்கி என்று பிரித்துப் பட்டியலில் ஏற்றியிருப்பார்கள். செய்த கம்பெனியின் பெயரைக்கூட அழித்துவிட்ட கேசட்டுகள் உண்டு. கொனாமி என்ற பெயர் எனக்குத் தெரிந்ததே ரொம்பப் பின்னால்தான்.

2019-இல் கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் வந்தது, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியிலும் உண்டு. அதில் 1987-இல் காசு போட்டு ஆடும் கடைகளுக்கு வந்த மூலம், 1988-இன் அமெரிக்கப் பதிப்பு, ஜப்பான் பதிப்பு மூன்றும் இருக்கின்றன. ஜப்பான் பதிப்பில் முதல் ஸ்டேஜில் பின்னால் மரங்கள் அசைகின்றன, ஸ்டேஜுக்கு நடுவே வரைபடம் வருகிறது. அமெரிக்கப் பதிப்பில் அதெல்லாம் இல்லை. கேம் உருவான கதை, பழைய வடிவமைப்புப் படங்கள் சேர்ந்த ஒரு மின்புத்தகமும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் மனப்பாடமாக ஆடிய ஒன்றை முழுசாக, செய்தவர்களின் பெயரோடு, கலப்படம் இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். ஜப்பான்காரருக்கு அது மறுவெளியீடு. நமக்கு முதல் வெளியீடு என்றே சொல்லலாம்.

"ரோம் இறக்கி ஓசியில் ஆடலாமே" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள். ரோம் என்றால் கேசட்டிலிருந்து எடுத்த கேம் நகல். ஆடலாம், ஊரே ஆடுகிறது. ஆயிரக்கணக்கில் கேம் ஏற்றிய சீனக் கருவிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன, அந்த 9999 இன் 1 கேசட்டின் பேரப் பிள்ளைகள். 2024 ஏப்ரலில் ஆப்பிளும் எமுலேட்டர்களை, அதாவது பழைய கருவி மாதிரியே நடித்து அதன் கேம்களை ஓட்டும் செயலிகளை, அனுமதித்துவிட்டது. அப்போது வந்து சக்கைப்போடு போட்ட செயலியின் பெயரே டெல்டாதான், நம்ம ஊருக்கு வைத்த பெயர் இல்லை என்றாலும் சந்தோஷம். எமுலேட்டர் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கம்பெனிகள் தூக்கிப்போட்ட பல கேம்கள் அவர்களால்தான் உயிரோடு இருக்கின்றன. அதற்காக, முறையாக, நியாயமான விலைக்குக் கிடைக்கிற கேமையும் ஓசியில்தான் எடுப்பேன் என்று நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் யாரும் மெனக்கெட்டுக் கொண்டுவர மாட்டார்கள்.

முறையாகக் கிடைத்தால்தானே என்கிறீர்களா? அதுதான் என் பெரிய குறை. ஸ்விட்சை நிண்டெண்டோ இந்தியாவில் முறையாக விற்றதே இல்லை. சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் இறக்குமதிக் கடைக்காரர் சொன்ன விலை. அதன் இணையக் கடையில் கேம் வாங்கக் கணக்கையும் வேறு நாட்டுப் பெயரில் திறக்கவேண்டும். இந்த நிலைமையை வைத்துக்கொண்டு திருட்டு நகல் என்று நம்மைத் திட்டுவதில் பாதிதான் நியாயம்.

காசு பறிப்பு என்றால் எதைச் சொல்வேன்? 2020 செப்டம்பரில் மூன்று மரியோ கேம்களை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்து, 2021 மார்ச் 31-க்குப் பிறகு விற்க மாட்டோம் என்று கெடு வைத்தார்கள். எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை, அவசரப்படுத்தி விற்கும் தந்திரம். அடுத்தது சந்தா. பழைய நிண்டெண்டோ கேம்கள் பலவற்றை இப்போது தனித்தனியாக வாங்க முடியாது, ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா கட்டினால்தான் ஆடலாம். கட்டியும், 7 நாளைக்கு ஒருமுறையாவது கருவி இணையத்தில் தலைகாட்டவேண்டும் என்ற விதியோடுதான் 2018 செப்டம்பரில் அது வந்தது. அதே வருஷம் நவம்பரில் இங்கே கஜா புயல். கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. என் கடையில் ஜெனரேட்டர் ஓட்டி ஊர் போனுக்கெல்லாம் சார்ஜ் போட்டோம். கூடவே வந்த பிள்ளைகளின் கையில் வேலை செய்தது, நெட் கேட்காத பழைய கருவிகள்தான். மரியோ கேமின் மொத்த அளவு 40 கிலோபைட், நம்ம சித்தப்பா அனுப்பும் குட்மார்னிங் படத்தை விடச் சின்னது. அதை ஆட எதற்கு வாரா வாரம் அனுமதி? கேமாக விற்கட்டும், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

ஆகவே வாங்குவதற்கு முன் என் சிபாரிசு: சந்தாவை விடத் தனியாக விற்கும் தொகுப்பு நல்லது, டவுன்லோடை விட கேம் முழுசும் உள்ளேயே இருக்கும் கார்டு நல்லது, மூலப் பதிப்பை மறைத்துவிட்டுப் புதுப் பூச்சை மட்டும் கொடுக்கும் தொகுப்பை யோசித்து வாங்குங்கள்.

கடைசியாக ஒரு ஆசை. நம்ம பக்கத்தில் எல்லாரும் முஸ்தபா கேம் என்று சொல்வோமே, காப்காம் 1993-இல் செய்த காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். அது ஒரு அமெரிக்க காமிக்ஸை வைத்துச் செய்தது, பெயரில் ஒரு கார் கம்பெனியின் பிராண்டும் இருக்கிறது. இத்தனை பேரிடம் உரிமை வாங்கவேண்டும் என்பதாலோ என்னவோ, காசு போட்டு ஆடும் அந்தக் கடைப் பதிப்பு வீட்டுக் கருவி எதற்கும் வந்ததில்லை. 2018-இல் காப்காம் இதே ரக ஏழு அடிதடி கேம்களைத் தொகுத்து ஸ்விட்சுக்கும் கொண்டுவந்தது. அதுவரை எந்த வீட்டுக் கருவிக்கும் வராத ஆர்மர்ட் வாரியர்ஸ், பேட்டில் சர்க்யூட் கூட அதில் இருந்தன. முஸ்தபா இல்லை. மன்னார்குடி பிரவுசிங் சென்டரில் அதை ஆடாத பையன் கிடையாது, ஆனால் காசு கொடுத்து வாங்குகிறேன் என்றாலும் விற்க ஆள் இல்லை. வக்கீல்கள் என்றைக்காவது பேசி முடித்து அது கார்டாக வந்தால், மறுவெளியீட்டைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டிருங்கள், நான் சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்கு அன்றைக்கே போன் போட்டு இரண்டு வாங்கிவரச் சொல்வேன்.