இடிடராட் நாய் வண்டி ரேஸை உண்மையில தாங்கிப் பிடிக்கிறது யாரு?

அலாஸ்கால ஆங்கரேஜ் பக்கத்துல இருந்து நோம் வரைக்கும் நாய்ங்க பனியில சறுக்கு வண்டியை இழுத்துக்கிட்டு சுமார் 1600 கிலோமீட்டர் ஓடுற இந்த ரேஸுக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு கேட்டிருந்தீங்க. 1973ல இருந்தே பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலண்டியர்ஸ்தான்.

வழியில பல ஊருக்கு ரோடே கிடையாது, அதனால குட்டி பிளேன் வச்சிருக்க பைலட்டுங்க நாய்ங்களுக்கு சாப்பாட்டு மூட்டை, படுக்க வைக்கோல் எல்லாம் முன்னாடியே கொண்டுபோய் இறக்கிடுவாங்க, மேல ஓட முடியாத நாயை திரும்பக் கூட்டிட்டு வர்றதும் அவங்கதான்.

செக்பாயிண்ட்ல கால்நடை டாக்டருங்க நடு ராத்திரியிலயும் தலையில லைட்டை மாட்டிக்கிட்டு, பனியில மண்டி போட்டு, ஒவ்வொரு பாதமா விரிச்சு விரல் இடுக்குல வெடிப்பு இருக்கான்னு பார்ப்பாங்க, நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வைப்பாங்க. என்னைக் கேட்டா இதுதான் இருக்கிறதுலயே பெரிய வேலை, வலிக்குதுன்னு நாய் வாயைத் திறந்து சொல்லாது இல்லையா.

நோம்ல ஒவ்வொரு டீம் வரும்போதும் ஊர் சைரன் அடிக்கும், கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் ஃபினிஷ் வளைவுல தொங்குற விளக்கை அணைக்கவே மாட்டாங்க.