பதில்: கோபாலபுரம் தோப்பில் மூன்றாவது முறையாக மோட்டார் கேபிள் திருட்டு

அண்ணா, மூன்று தடவை கேபிள் போயும் புகார் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைக் கொடுங்கள். மனு ரசீதோடு நிறுத்திவிடாமல் எஃப்ஐஆர் நகலும் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசு கிடையாது.

எங்கள் தோப்பிலும் இதே கதைதான். திருடியவனுக்குக் கேபிள் வேண்டாம், உள்ளே இருக்கும் செம்புதான் வேண்டும். ரப்பரை எரித்துக் கம்பியாக்கி எடைக்குப் போட்டுவிட்டால் அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ராத்திரியில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தால் உடனே 112-க்குப் போன் செய்ய வேண்டும் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் பேசி வைத்தோம். எங்கள் பகுதிக்கு ரோந்து வரும் பீட் போலீஸ்காரரையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம்.

அப்புறம் பழைய இரும்புக் கடைகள். எரிந்த செம்போடு யாராவது வந்தால் பெயர், வண்டி எண் எழுதி வைக்கும்படி ஸ்டேஷன் மூலமாகவே சொல்ல வையுங்கள். நாம் போய்ச் சொன்னால் சண்டைதான் வரும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 317-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. கடைக்காரருக்கு அந்தப் பயம் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

சரக்கு எல்லை தாண்டிக் கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆக்ரிக் கடைக்கு (அங்கே பழைய இரும்புக் கடைக்கு அதுதான் பெயர்) போகிறது என்று சந்தேகப்படுகிறீர்கள். கேரளப் போலீஸில் 2008 முதல் ஜனமைத்ரி என்று போலீஸும் பொதுமக்களும் சேர்ந்து செயல்படும் திட்டம் இருக்கிறது, பீட் அதிகாரிகள் வீடு வீடாக வருவார்கள். எஃப்ஐஆர் நகலோடு அங்கேயும் போய்ப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், அந்த ஊரில் பாதிப்பேர் நம் ஆட்கள்தான்.

புதுக் கேபிளைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதையுங்கள். மேலே தொங்கவிடாதீர்கள்.