தோலை அழுத்தினால் நரம்புக்கு எப்படித் தெரிகிறது?

விரலால் மேசையை அழுத்தினால் அது எப்படி நரம்பில் மின்குறிப்பாக மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மாற்றம் நடப்பது நரம்பு முனையின் சவ்வில்தான். சவ்வு இழுபடும்போது அதிலுள்ள பீசோ2 என்ற புரதக் கால்வாய் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மின்னழுத்த மாற்றம் ஒரு வரம்பைத் தாண்டினால் நரம்புத் துடிப்பு கிளம்பும். சரி, பலமாக அழுத்தினால்? துடிப்பு பெரிதாவதில்லை, அடுத்தடுத்து வேகமாக வரும்.

இதில் அற்புதமானது பசீனியன் உறுப்பு, அதாவது தோலுக்குள் நரம்பு முனையைச் சுற்றி உறை போர்த்திய ஒரு தொடு உணரி. சுமார் 1 மி.மீ. நீளம், வெங்காயம் போல அடுக்கடுக்கான உறை. அழுத்தம் அப்படியே நீடித்தால் அடுக்குகள் நழுவி உள்முனையைத் தளர்த்திவிடும், துடிப்பும் நின்றுவிடும். விரலை எடுக்கும்போது மறுபடி கிளம்பும். அதனால்தான் அதிர்வை உணர்வதில் அது கெட்டி. நீடிக்கும் அழுத்தத்தைச் சொல்வது தோலிலுள்ள மெர்க்கெல் செல்கள் என்ற வேறு வகைத் தொடு உணரிகளின் வேலை.

பீசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021 மருத்துவ நோபல் பரிசை டேவிட் ஜூலியசுடன் பகிர்ந்துகொண்டார்.