கொடுக்காத மருந்துக்குக் கையொப்பமிடலாமா?
வணக்கம். இரவுப் பணியில் 10 மணி மருந்து விடுபட்டதையும், அதைக் கொடுத்ததாகக் கையொப்பமிடும்படி மூத்த செவிலியர் வற்புறுத்துவதையும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கையொப்பமிடாதீர்கள். அந்தப் பதிவை நம்பித்தான் மருத்துவர் அடுத்த அளவைத் தீர்மானிப்பார் என்பதால், பொய்ப்பதிவு முதலில் நோயாளியைத்தான் பாதிக்கும். விசாரணை என்று வந்தால் அந்தக் கையொப்பத்துக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும். சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்று, 2021-இல் திருத்திய நெறிமுறைத் தொகுப்பும் தம் பணிக்குச் செவிலியரே பொறுப்பு என்கிறது.

உடனே மருத்துவருக்குத் தெரிவித்து, நோயாளியின் நிலையைக் கவனித்து, விடுபட்டதை, எழுதுகிற நேரத்தையே குறித்துத் தாமதப் பதிவாக எழுதுங்கள். பழைய வரியில் திருத்தம் தேவையெனில் அழிக்காமல், படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டுச் சுருக்கொப்பமிடுங்கள். சம்பவ அறிக்கையும் தனியே தேவை. மூத்தவரிடம் மறுத்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்பது எனக்குப் புரிகிறது. அவர் மீண்டும் வற்புறுத்தினால், அன்றே செவிலியர் கண்காணிப்பாளரிடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.