புகழ்கிறாரா, பழிக்கிறாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு சிறுகதையை விவாதித்தோம். கதைசொல்லி தன் முதலாளியின் தாராள மனதைக் கதை முழுக்கப் புகழ்கிறான். பாதிப் பேர் அதை அப்படியே நம்பினார்கள், மற்றவர்கள் அது அங்கதம், அதாவது புகழ்வதுபோலப் பழிப்பது, என்றார்கள். ஆசிரியர் எங்கும் வாய்திறக்காதபோது இதை எப்படி முடிவுசெய்வது? உவமைகளுக்கும் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் வாசிப்பில் எதையும் சந்தேகிக்க வேண்டாம். நேர்ப்பொருள் முழுதாக மனதில் பதியாமல் அங்கதம் பிடிபடாது. இரண்டாம் வாசிப்பில் புகழும் வரிகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் கதை என்ன சான்று காட்டுகிறது என்று பாருங்கள். 'தேவர் அனையர் கயவர்' என்கிறது 1073ஆம் குறள். கேட்கப் பாராட்டுதான். ஆனால் அதற்குச் சொல்லும் காரணம், இருவருமே விரும்பியதைச் செய்து நடக்கிறார்கள் என்பது. பாராட்டை அதன் காரணமே கவிழ்த்துவிடுகிறது.

இதைவிட நுட்பமானது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குப் பகை மன்னன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்கிறார் ஔவை. எங்கள் அரசனின் வேல்களோ, பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பாட்டில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. வினைச்சொற்களை மட்டும் பிரித்து எழுதிப் பாருங்கள். தொண்டைமான் பக்கம் இருப்பவையெல்லாம் அலங்கார வினைகள். 'குத்தி' என்ற வினை அதியமான் பக்கம் மட்டுமே வருகிறது. அதோடு, நுனி சிதைந்த அந்த வேல்களையே கடைசி அடியில் 'வைந்நுதி வேல்', அதாவது கூரிய நுனியுள்ள வேல், என்கிறார். இங்கே யார் பேசுகிறார், யாரிடம், எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். சூழலை அகற்றிவிட்டால் இது இரண்டு ஆயுதசாலைகளின் வர்ணனையாக எஞ்சும். எனக்கு இதற்கு இணையான அங்கதம் தமிழில் வேறில்லை.

உங்கள் கதையிலும் இதையே செய்யலாம். முதலாளி கொடுத்தது எவ்வளவு, யார் பார்க்கக் கொடுத்தார், வாங்கியவர் அடுத்து என்ன செய்தார்? இவை புகழ்ச்சியோடு முரண்பட்டால் அங்கதம். ஒரே ஒரு இடறலை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அது எழுத்தாளரின் கவனக்குறைவாகவும் இருக்கலாம். ஒரே திசையில் இரண்டு மூன்று இடறல்களாவது வேண்டும். கதைசொல்லியின் கருத்தை ஆசிரியரின் கருத்தாகக் கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை.

உவமையில் நேர்வது வேறு பிழை, 'இது அதைக் குறிக்கிறது' என்று சமன்பாடு போட்டு நிறுத்திவிடுவது. குறுந்தொகை 25இல், அவன் என்னை மறைவில் கூடியபோது வேறு யாரும் இல்லை, ஒரு குருகு, அதாவது நாரை போன்ற நீர்ப்பறவை, இருந்தது என்கிறாள் தலைவி. அதன் கால்கள் தினைத்தாள் போன்றவை. அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. குருகு என்றால் தலைவன் என்று உடனே எழுதிவிட்டால், இருந்த ஒரே சாட்சியும் தன் இரையில்தான் கண்ணாக இருந்தது என்ற அவளுடைய தவிப்பு கைநழுவும். முதலில் அந்தப் பறவையைப் பறவையாகவே பாருங்கள்: எங்கே நிற்கிறது, எதைக் கவனிக்கிறது. ஒரு விளக்கம் வந்ததும் அதைப் பாட்டின் எல்லா விவரங்களோடும் ஒட்டிப் பாருங்கள். 'பார்க்கும்' என்ற சொல்லுக்கு வேலை தராத விளக்கத்தை ஏற்கக் கூடாது.