அணு உலைக் குழாயில் கண்ணாடி இழை: கேள்வி பதில்

கே: உலைக் குழாயின் சூட்டை அளக்கத் தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகள் சேர்ந்த வெப்பமானி) இருக்கும்போது ஃபைபர், அதாவது ஒளி கடத்தும் கண்ணாடி இழை, எதற்கு சார்?

ப: தெர்மோகப்பிளுக்குத் தான் இருக்கும் இடத்துச் சூடு மட்டும்தான் தெரியும். உலையின் சூட்டைக் கடத்த உருகிய சோடியம் ஓடும் குழாயில் கசிவு எங்கே வரும் என்று முன்கூட்டியே யார் சொல்ல முடியும்? 1995 டிசம்பரில் ஜப்பானின் மொஞ்சு உலையில் தெர்மோகப்பிள் செருகிய உறையே சோடியம் ஓட்டத்தில் அதிர்ந்து முறிந்தது. அந்த வழியாகச் சுமார் 640 கிலோ சோடியம் கொட்டித் தீப்பிடித்தது. காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்ட கதை! ஓடும் சோடியத்தின் சூட்டை அளக்க அந்த உறை வேண்டும்தான். ஆனால் கசிவைப் பிடிக்க ஃபைபரைக் குழாய் நெடுக வெளியே ஓட்டினால் போதும், துளையே வேண்டாம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இதற்காக, இழைக்குள் சிதறும் ஒளியை வைத்துச் சூட்டை அளக்கும் ராமன் முறையைச் சோதித்திருக்கிறார்கள். திருச்சியில் பிறந்த அதே சர் சி.வி. ராமன் 1928-இல் கண்ட விளைவுதான்: சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் அலைநீளம் மாறிவிடும்.

கே: ஒரே இழை, சூடான இடம் எது என்று எப்படிச் சொல்லும்?

ப: ஒளித்துடிப்பு அனுப்பினால் வழிநெடுகக் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்துத் தூரம் கணக்கிடலாம். 10 நானோவிநாடித் துடிப்பு என்றால் சுமார் ஒரு மீட்டருக்குள் இடம் தெரியும். திரும்பும் ராமன் ஒளியில் அலைநீளம் குறைந்த பகுதி சூடு ஏற ஏற நன்றாகக் கூடும், அலைநீளம் கூடிய பகுதி அவ்வளவாக மாறாது. இரண்டின் விகிதத்திலிருந்து வெப்பநிலை கிடைக்கிறது.

கே: குழாயின் தகைவை (பொருளுக்குள் எழும் இறுக்கத்தை) அளப்பது?

ப: நேராக அளப்பது திரிபை, அதாவது நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பதைத்தான். பிராக் கிரேட்டிங் என்பது இழைக்குள் பொறித்த நுண்வரிகள், ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். அந்த அலைநீளம் 1550 நானோமீட்டரில் ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும், ஒரு மைக்ரோ திரிபுக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) 1.2 மட்டுமே. அதாவது ஒரு டிகிரி சூடு, 8 மைக்ரோ திரிபு போல வேஷம் போடும். அதனால் பக்கத்திலேயே, குழாயோடு ஒட்டாமல், இன்னொரு கிரேட்டிங் வைத்து, சூட்டின் பங்கைக் கழித்துவிடுவோம்.

கே: கதிர்வீச்சில் கண்ணாடி கறுக்காதா?

ப: கறுக்கும், பெரிய தலைவலியே அதுதான். பாஸ்பரஸ் கலந்த இழை சீக்கிரம் கறுக்கும் (அதையே கதிர்வீச்சு அளக்கவும் பயன்படுத்துகிறார்கள்). உள்ளகம் (ஒளி ஓடும் நடுப்பகுதி) கலப்பில்லாத சிலிக்காவாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். ராமன் முறையில், கறுத்த இழையில் இரு அலைநீள ஒளியும் ஒரே அளவு மங்குவதில்லை, அதனால் பொய் வெப்பநிலை காட்டும். இழையை வளையமாக்கி இரு முனையிலிருந்தும் அளந்து சரிக்கட்டலாம்.

கே: உலையின் மையத்திலேயே வைக்கலாமா?

ப: நிரந்தரமாக வைக்க மாட்டேன். நியூட்ரான் பட்டுக் கண்ணாடியே அடர்ந்து சுருங்கும்.

கே: சாதாரண டெலிகாம் ஃபைபர் போதுமா?

ப: போதாது. அதன் அக்ரிலேட் (ஒருவகை பிளாஸ்டிக்) பூச்சு 85 டிகிரி வரைதான் தாங்கும். சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான பாலிஇமைடு சுமார் 300 வரை. 500-ஐத் தாண்டும் சோடியம் குழாய்க்குத் தங்கப் பூச்சுதான், பில்லைப் பார்த்ததும் கொள்முதல் பிரிவு உங்களைத் தேடி வரும்.