கட்டிவிட்டால் வெட்டலாமா?

கேள்வி: இயற்கைக்கு ரூபாயில் மதிப்பு போட்டால்தான் அரசும் கம்பெனிகளும் அதைக் காப்பாற்றும் என்கிறான், பொருளாதாரம் படிக்கும் என் மகன். காட்டுக்கு விலை வைக்கலாமா?
- ஒரு வாசகி, கூடலூர்

பதில்: வைத்தாயிற்று, அம்மா. அதுவும் உங்கள் ஊர்க் காட்டுக்காகத் தொடங்கிய வழக்கில். கூடலூர்க் காடுகள் அழிவதை எதிர்த்து 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அது நாட்டின் எல்லாக் காடுகளுக்குமான வழக்காக வளர்ந்தது. சுரங்கத்துக்கோ அணைக்கோ காட்டை எடுப்பவர் ‘நிகர நிகழ்கால மதிப்பு’ (காடு இனி வரும் ஆண்டுகளில் தரும் பலன்களுக்கு இன்றைய ரூபாயில் போடும் விலை) கட்ட வேண்டும் என்பதும் அதன் வழியே வந்ததுதான். 2008-இல் வைத்த விலை, காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து, ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய். உச்ச விலையே ஏக்கருக்கு நாலேகால் லட்சம்தான். பிறகு கூட்டினார்கள். உங்கள் ஊரில் அந்தப் பணத்துக்கு எத்தனை சென்ட் மனை கிடைக்கும் என்று மகனையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

விலை குறைவு என்பதுகூட என் முதல் கோபம் இல்லை. அனுமதி தனியாக வாங்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும், பணம் கட்டி வேறெங்கோ மரம் நட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற எண்ணம் ஊறிவிட்டது. கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் கட்ட சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. ஈடாக மரம் நடத் தேர்ந்த இடம் ஹரியானா! முதுகில் வரிவரியாக மேடு ஓடும் ராட்சதக் கடலாமை, ராத்திரியில் கரையேறிப் பின்துடுப்பால் குழி தோண்டி முட்டையிடுவது அந்தத் தீவின் கலாத்தியா விரிகுடா மணலில். ஹரியானாவில் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் அதற்கு என்ன பயன்?

உங்கள் மகனுக்குச் சாதகமான நாடும் இருக்கிறது. கோஸ்டா ரிகாவில் 1980-களில் காடு நாட்டின் கால்வாசி அளவுக்குச் சுருங்கியிருந்தது. இன்று பாதிக்கும் மேல். 1997 முதல் அங்கே காட்டை விட்டுவைக்கும் நில உரிமையாளருக்கு அரசு பணம் தருகிறது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு பெட்ரோல், டீசல் வரியிலிருந்து வருகிறது. அதைச் சந்தையின் வெற்றி என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பணம் தரச் சொன்ன அதே 1996-ஆம் ஆண்டுச் சட்டம்தான் காட்டை அழித்து நிலத்தை வேறு வேலைக்கு மாற்றுவதையும் தடை செய்தது. மேய்ச்சலுக்காகக் காட்டை அழிப்பதில் லாபம் குறைந்ததும் காடு மீண்டதற்கு ஒரு காரணம்.

காப்பவர் கைக்குப் போகும் பணத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அழிப்பவர் கட்டிவிட்டு நகரும் பணத்தை எதிர்க்கிறேன். கோவையும் திருப்பூரும் குடிக்கும் பவானித் தண்ணீரில் நீலகிரிச் சோலைகளில் ஊறியது நிறைய. அந்தக் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு பங்கை, மலையில் சோலையைக் காத்து நிற்கும் பழங்குடிக் கிராமங்களுக்குத் தரச் சொல்லி உங்கள் மகன் மனு எழுதட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.